'2018 மாடல்' ஸ்விஃப்டும் நான் வாங்கிய லிவாவும்

தருமபுரி பைபாஸ் ஓரத்தில் ஒரு கார் கன்சல்டிங், பழைய கார் வாங்கி விற்கிற இடம். போன வருஷம் மார்ச் மாதம், பதினோரு மணி வெயில். வெள்ளை ஸ்விஃப்ட் ஒன்றைத் தண்ணீர் அடித்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார்கள். முன் கண்ணாடியில் ஸ்டிக்கர்: 2018 மாடல், சிங்கிள் ஓனர், பேப்பர் கரண்ட். விலை நாலு எண்பது. என் கணவருக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. எனக்கும்தான். ஒன்பது வருஷம் ஸ்கூட்டரில் இண்டூர் தாண்டிப் பள்ளிக்கூடம் போய்வந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டவளுக்கு, கதவைச் சாத்தினால் ரோட்டுச் சத்தம் அடங்குகிற எந்த வண்டியும் பிடிக்கும்.

ஆர்.சி.யைக் கேட்டு வாங்கினேன். பதிவு தேதி 2018 ஜனவரி. அது சரி. தயாரித்த மாதம் என்று தனியாக ஒரு வரி இருக்கும், அதைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. அதில் 2017 நவம்பர் என்றிருந்தது.

இரண்டு மாதம்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்ட் விற்பனைக்கு வந்ததே 2018 பிப்ரவரியில்தான். அன்றிலிருந்துதான் அடி வேரியன்ட்டிலிருந்து மேல் வேரியன்ட் வரை இரண்டு ஏர்பேக்கும், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உண்டு. என் முன்னால் நின்றது 2011-இல் வந்த பழைய உடம்பு. அதில் ஏர்பேக் மேல் வேரியன்ட்டிலும், கூடுதல் காசு கொடுத்தவர்களுக்கும் மட்டும். ஸ்டியரிங் நடுவில் தட்டிக் காட்டி, "இதுல ஏர்பேக் இருக்குங்களா?" என்றேன்.

"இந்த ரேஞ்சுல ஏர்பேக் யாருங்க மேடம் கேக்கறாங்க? ஏ.சி. போட்டுப் பாருங்க, ஏற்காடு மாதிரி இருக்கும்" என்றார் கன்சல்டிங்காரர்.

ஏ.சி. நன்றாகத்தான் இருந்தது. அவர் சொன்ன 2018-உம் பொய் இல்லை, பதிவு அந்த வருஷம்தான். ஆனால் பிப்ரவரிக்குப் பின் வந்த காருக்குக் கேட்க வேண்டிய விலையைப் பிப்ரவரிக்கு முந்தைய காருக்குக் கேட்டார். வெளியே வந்தபோது என் கணவர், "ரெண்டு மாசத்துக்காக ஒரு நல்ல வண்டியை விடுவாங்களா?" என்று முணுமுணுத்தார். இந்த இரண்டு மாசத்தைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்ததே.

பழைய கார் வாங்கப் போகிறவர்களிடம் எல்லாரும் கேட்பது "எந்த கார்?" என்றுதான். ஸ்விஃப்டா, ஐ10-ஆ, வேகன்ஆரா? ஸ்விஃப்ட் என்ற ஒரே பேரில் நம் ரோட்டில் ஐந்தாறு கார் ஓடுகிறது. 2005 மே மாதம் வந்தது 1.3 பெட்ரோல், டைமிங் பெல்ட் போட்ட பழைய எஞ்சின். 2007-இல் டீசல் வந்தது. 2010-இல் பெட்ரோல் எஞ்சின் மாறி 1.2 ஆனது, பெல்ட் போய் செயின் வந்தது. 2011-இல் உடம்பு மாறியது, 2018-இல் மறுபடியும் மாறியது. 2019 ஜூனில் பெட்ரோல் வண்டி பி.எஸ்.6 என்ற புதிய புகை விதிக்கு மாறியது. 2020-இல் டீசல் நின்றது. 2021-இல் எஞ்சின் மறுபடி மாற்றம். 2024 மே மாதம் வந்ததில் மூன்று சிலிண்டர். இதில் எதைச் சொல்லி "ஸ்விஃப்ட் நல்ல வண்டி" என்கிறார்கள்?

கிராண்ட் ஐ10-இலும் இதே சிக்கல். 2013 செப்டம்பரில் வந்தது, 2017 தொடக்கத்தில் முகம் மாறியது. 2019 ஆகஸ்டில் நியோஸ் என்று புதிய உடம்பில் வந்த பிறகும் பழையதைக் கொஞ்ச காலம் பக்கத்திலேயே வைத்து விற்றார்கள். ஆகவே "2019 கிராண்ட் ஐ10" என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். போட்டோ பார்க்காமல் போனிலேயே அட்வான்ஸ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே ஒருவர் இருக்கிறார்.

நான் கணக்கு டீச்சர். எதையும் கோடு போட்டுப் பார்க்காமல் எனக்குப் புரியாது. ஒரு பழைய சார்ட் பேப்பரின் பின்பக்கத்தில் வருஷக் கோடு ஒன்று வரைந்தேன். 2017 ஏப்ரல், நாடு முழுக்க பி.எஸ்.4. 2019 ஏப்ரல், விற்கிற எல்லா காருக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். அதே 2019 ஜூலை 1, டிரைவர் ஏர்பேக், ரிவர்ஸ் சென்சார், சீட் பெல்ட் போடாவிட்டால் கத்துகிற மணி, வேகம் கூடினால் கத்துகிற மணி. அக்டோபரில் மோதல் சோதனை விதி பழைய மாடல்களுக்கும் வந்தது. 2020 ஏப்ரல், பி.எஸ்.6. 2022 பிறந்தபோது முன் சீட் இரண்டுக்கும் ஏர்பேக். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானவை எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்குத் தாங்கும்படி செய்தவை.

இந்தக் கோட்டில் 2019 ஜூலைக்கு வலது பக்கம் எதை எடுத்தாலும் குறைந்தபட்சப் பாதுகாப்பு சட்டப்படியே இருக்கும். கையில் ஆறு லட்சம் இருந்தால் நீங்கள் இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமே தேடலாம். எங்களிடம் இருந்தது ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டியிருந்தது: சட்டம் சொல்வதற்கு முன்னாலேயே கொடுத்தவர்கள் யார், எந்த மாதத்திலிருந்து?

விடை சின்னப் பட்டியல்தான். ஃபோக்ஸ்வாகன் போலோவில் 2014 தொடக்கத்திலிருந்து ஏர்பேக் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு. குளோபல் என்காப் அமைப்பு ஏர்பேக் இல்லாத போலோவை மோதிப் பார்த்துப் பூஜ்யம் நட்சத்திரம் போட்ட பிறகு நடந்த மாற்றம் அது. ஏர்பேக் உள்ள போலோவுக்கு நாலு வந்தது. டொயோட்டாவின் எட்டியோஸ், லிவாவில் 2016 செப்டம்பரில் முகம் மாறியபோது இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ்., குழந்தை சீட் மாட்டும் கொக்கி எல்லாம் எல்லா வேரியன்ட்டிலும். அதே 2016-இல் குளோபல் என்காப் சோதனையில் எட்டியோஸுக்கும் நாலு நட்சத்திரம். ஸ்விஃப்ட் 2018 பிப்ரவரி, ஆனால் அதற்கு வந்தது இரண்டு. டாடா டியாகோ 2016-இல் வந்த வண்டி, 2020 ஜனவரியில் நாலு நட்சத்திரம் வாங்கியது. ஆனால் ஆரம்ப வருஷங்களில் கீழ் வேரியன்ட்டில் ஏர்பேக் கிடையாது. நட்சத்திரத்தை வேரியன்ட்டோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இந்தச் சோதனைகள் அப்போதெல்லாம் முன்பக்க மோதல் மட்டும், மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில். சேலம் போகிற வழியில் இருக்கும் தொப்பூர் கணவாயில் பின்னாலிருந்து பிரேக் பிடிக்காத லாரி வந்தால் நாலு நட்சத்திரமும் ஒன்றும் செய்யாது. அது எனக்குத் தெரியும். 2020 டிசம்பரில் அங்கே வரிசையாக நின்றிருந்த கார்கள் மேல் லாரி மோதிய படங்களைப் பார்த்தவர்கள் இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. இருந்தும் என் மகள் சேலத்தில் படிக்கிறாள். மாதம் இரண்டு தடவை அந்த இறக்கத்தில் நாங்கள் இறங்கி ஏற வேண்டும். முடிந்ததைச் செய்துகொள்ளலாம் இல்லையா?

அதற்குப் பிறகு ஏழு வாரம் அலைந்தோம். எங்களோடு எங்கள் மெக்கானிக் பாய். ஒரு வண்டி பார்க்க ஐந்நூறு ரூபாய், டீ, கிருஷ்ணகிரி தாண்டினால் சாப்பாடு. இதைவிட நல்ல செலவு நான் வாழ்க்கையில் செய்ததில்லை.

கிருஷ்ணகிரியில் ஒரு கிராண்ட் ஐ10, 2017 முகம் மாறியது, கே.ஏ. நம்பர். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. பெங்களூர் வண்டி என்றால் அங்கே என்.ஓ.சி. என்ற ஆட்சேபணை இல்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, நம் மாநில வரி கட்ட வேண்டும், அதனால்தான் குறைவு என்றார்கள். பாய் ஒன்றும் பேசவில்லை. டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். நாம் தினமும் பாதிதான் இழுப்போம், மீதி உள்ளேயே சுருண்டு கிடக்கும். அந்த மீதியில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு, நேராக, ஸ்கேல் வைத்துப் போட்டது போல. அடுத்து டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினார், குழிக்குள் விரலை விட்டுத் துழாவினார், வண்டல். சீட் தண்டவாளத்தில் துரு. "டீச்சர், இது குளிச்ச வண்டி" என்றார். 2022 செப்டம்பரில் பெங்களூர் அவுட்டர் ரிங் ரோடு பக்கம் வெள்ளம் வந்தது ஞாபகம் இருக்கும். சென்னைப் பதிவு வண்டி என்றால் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு இதே பெல்ட்டை இழுக்க வேண்டும்.

அதே வண்டியில் இன்னொன்றும் காட்டினார். சாவியை ஒரு கட்டம் திருப்பினால் மீட்டரில் எல்லா விளக்கும் எரியும், ஏர்பேக் விளக்கும் எரிந்து, சில நொடியில் அணையும். எரிந்து அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம், கோளாறு தெரியக்கூடாது என்று யாரோ விளக்கையே பிடுங்கியிருக்கலாம். அந்த வண்டியில் எரியவே இல்லை. ஏர்பேக்குக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவளுக்கு இது தெரியாமல் இருந்திருக்கிறது.

ஓசூரில் ஒரு லிவா டீசல். மீட்டரில் 88,000. கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஓரத்தில் இரும்பு தெரிந்தது. 88,000-க்கு அப்படித் தேயாது என்றார் பாய். நம்பர் பிளேட் சட்டத்தின் ஓரத்தில் பழைய மஞ்சள் பெயின்ட் துளி. வாடகைக்கு ஓடிய மஞ்சள் போர்டு, வெள்ளைக்கு மாற்றியது. மாற்றுவது சட்டப்படி சரிதான், அதை மறைத்துக் "குடும்ப வண்டி" என்று விற்பதுதான் சரியில்லை. எட்டியோஸ், லிவா பார்ப்பவர்கள் இதை முதலிலேயே கேட்க வேண்டும், டாக்ஸிக்காரர்கள் விரும்பி வாங்கிய வண்டி என்பதால்.

டீசலே வேண்டாம் என்று அன்று முடிவாயிற்று. எங்களுக்குத் தினம் 44 கிலோமீட்டர். அதற்கு டீசலின் சர்வீஸ் செலவு கட்டாது.

காரிமங்கலத்தில் ஒரு சக ஆசிரியரின் டியாகோ, 2017. பொய் இல்லாத வண்டி, ஆனால் ஏர்பேக் இல்லாத வேரியன்ட். அவரிடம் இல்லை என்று சொல்வதற்கு நான் பட்ட பாடு தனிக் கதை. இன்னும் ஸ்டாஃப் ரூமில் கொஞ்சம் முகம் திருப்புகிறார்.

காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்காய் மண்டிக்காரர் வீட்டு ஃபிகோ, 2016. ஓட்டிப் பார்த்ததில் எனக்கு மனதுக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஒளிக்காமல் சொல்கிறேன். வளைவில் ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது, ஸ்டியரிங் கையோடு பேசுகிறது. என் கணவர் ஒரே வார்த்தையில் முடித்தார்: "கம்பெனியே போயிடுச்சு." 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாகச் சொன்னது உண்மை. சர்வீஸும் பாகமும் தொடர்ந்து கிடைக்கின்றன, ஃபோர்டு வண்டி இங்கே எத்தனையோ ஓடுகிறது. ஓட்டுவது பிடித்து, நல்ல மெக்கானிக்கும் பக்கத்தில் இருந்தால், விலை குறைவாகக் கிடைக்கும் நல்ல வண்டி அது என்பது என் கருத்து. வீட்டில் ஓட்டெடுப்பில் தோற்றேன்.

இந்த அலைச்சலில் நான் கற்ற பெரிய பாடம் தண்ணீர். எங்கள் மாவட்டத்துத் தண்ணீரின் கதை பிள்ளைகளின் பல்லிலேயே தெரியும். என் வகுப்பில் சிரித்தால் பழுப்புக் கோடு தெரிகிற பிள்ளைகள் இருந்தார்கள், ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது அதற்காகத்தான். குடிக்கிற தண்ணீருக்குத் திட்டம் வந்தது, ரேடியேட்டருக்கு வரவில்லை. போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதேதான் எஞ்சினுக்குள்ளும் படியும். எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் குறைந்தால் வாட்டர் சர்வீஸ் பையன் கையில் இருக்கிற ஓஸிலேயே பிடித்து விடுவான். மூன்று வருஷம் அப்படி ஓடிய வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே சுக்குக் காப்பி நிறத்தில் இருக்கும். வண்டி ஆறியிருக்கும்போதுதான் திறக்க வேண்டும், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். நாங்கள் பார்த்த ஏழில் மூன்றில் காப்பிதான். இப்படிப்பட்ட வண்டி ஊருக்குள் ஓடும்போது ஒன்றும் காட்டாது. ஏ.சி. போட்டுக்கொண்டு தொப்பூர் ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்தால் சூட்டு முள் மேலே ஏறும்.

ஆகவே பிடித்த வண்டியைத் தருமபுரி டவுனுக்குள் சுற்றிப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். பாளையம் டோல்கேட் தாண்டிக் கணவாய் இறங்கி, திரும்பி, ஏ.சி.யோடு ஏறி வாருங்கள். டோலுக்கும் பெட்ரோலுக்கும் விற்கிறவர் முணுமுணுத்தால் நீங்களே கொடுத்துவிடுங்கள். ஏறி முடித்ததும் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் ஐந்து நிமிஷம். முள் நடுவில் நின்றால் நல்ல வண்டி.

கடைசியில் வாங்கியது அரூரில். ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர், மகன் வீட்டோடு போய்விடப் போகிறார். லிவா பெட்ரோல், 2017 ஜூனில் தயாரித்தது, ஜூலையில் பதிவு. 47,000 கிலோமீட்டர். போன உடனே அவர் வண்டியைக் காட்டவில்லை, உட்கார வைத்து மோர் கொடுத்து ஒரு ஃபைலைக் காட்டினார். எட்டு வருஷ சர்வீஸ் பில், தேதி வாரியாக. கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டதும் லிட்டரும் மீட்டர் எண்ணும். கணக்கு டீச்சருக்கு வேறென்ன வேண்டும்? அங்கேயே நாலு பக்கம் வகுத்துப் பார்த்தேன், லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கும் பதினாறுக்கும் நடுவிலேயே நின்றது. கம்பெனி சொன்ன கணக்கு 18.16. நடுவில் எந்த மாதமும் திடீரென்று குதிக்கவில்லை.

இன்சூரன்ஸ் பாலிசியில் என்.சி.பி., அதாவது கிளெய்ம் போடாததற்கான தள்ளுபடி, 50 சதவீதம். இதைப் பழைய கார் வாங்குகிற எல்லாரும் பார்க்க வேண்டும். கிளெய்ம் போடாத ஒவ்வொரு வருஷத்துக்கும் 20, 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாம் வருஷம் 50 ஆகும். ஒரு தடவை கிளெய்ம் போட்டால் பூஜ்யம். எட்டு வருஷ சிங்கிள் ஓனர் வண்டியில் 20 என்று இருந்தால், இரண்டு மூன்று வருஷத்துக்குள் எங்கேயோ இடித்து இன்சூரன்ஸில் சரி செய்திருக்கலாம், இல்லை பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கலாம், கன்சல்டிங்காரர் என்ன சத்தியம் செய்தாலும். இந்தத் தள்ளுபடி வண்டியோடு வராது, அது ஓனருக்குச் சொந்தம். நமக்குப் புதிதாகத்தான் தொடங்கும்.

பாய் பானெட்டைத் திறந்து போல்ட்டுகளைப் பார்த்தார், ஸ்பேனர் பட்ட தழும்பு இல்லை. கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் முத்திரை ஆறிலும் ஒன்றுபோல். சீட் பெல்ட்டுகளின் துணிச்சீட்டில் தேதி நாலும் ஒரே காலம், எதையும் இடித்து மாற்றியதில்லை. ரேடியேட்டரில் சுத்தமான இளஞ்சிவப்பு. டயர் ஓரத்தில் நாலு எண்: 2117. இருபத்தொன்றாம் வாரம், 2017. வண்டியோடு வந்த டயர், 47,000-க்கு ஏற்ற தேய்மானம். மீட்டர் பொய் சொல்லவில்லை என்பதற்கு டயரே சாட்சி. ஏர்பேக் விளக்கு எரிந்தது, மனசுக்குள் எண்ணினேன், அணைந்தது.

கேட்டது ஐந்து பத்து. முடிந்தது நாலு எழுபது. அதற்கு முன்னால் ஒரு கன்சல்டிங்கில் "பழைய காருக்கு இப்ப ஜி.எஸ்.டி. 18 பர்சன்ட் வந்துடுச்சு மேடம்" என்று முழு விலைக்கும் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். 2025 ஜனவரியிலிருந்து 18 வந்தது உண்மை. ஆனால் அது வியாபாரிக்குக் கிடைக்கிற லாப வித்தியாசத்தின் மேல்தான், முழு விலைக்கு இல்லை. ஆளுக்கு ஆள் விற்றால் அதுவும் இல்லை. பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரத்தில் கையெழுத்து, பழைய கடனுக்கான எச்.பி. கேன்சல் ஆகியிருந்ததை ஆர்.சி.யில் பார்த்துக்கொண்டோம், இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்குப் பதினாலு நாளுக்குள் எழுதிப் போட்டேன். தருமபுரிப் பதிவான டி.என்.29-க்குள்ளேயே என்பதால் வேறு தொல்லை இல்லை.

இப்போது பத்து மாதம் ஆகிறது, பதினோராயிரம் கிலோமீட்டர்.

அழகான கார் இல்லை. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மீட்டர் ஸ்டியரிங்குக்கு நேராக இல்லாமல் டேஷ்போர்டின் நடுவில் இருக்கிறது. முதல் மாதம் முழுக்க வேகம் பார்க்க ஸ்டியரிங் வழியாகவே பார்த்து வெறும் பிளாஸ்டிக்கை முறைத்துக்கொண்டிருந்தேன். முன் கண்ணாடிக்கு ஒற்றை வைப்பர். நவம்பர் மழையில் பரவாயில்லாமல் துடைத்தது, ஆனால் அதன் நீளத்தைப் பார்த்தால் படகுத் துடுப்பு மாதிரி. ஹைவேயில் டயர் சத்தம் உள்ளே கேட்கிறது. உள்ளே பிளாஸ்டிக் தட்டினால் டப்பா சத்தம். டிக்கி சின்னது, பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அரிசி மூட்டையும் கரும்பும் ஒன்றாக ஏறவில்லை.

நல்லது எது? பின் சீட்டில் நடுவில் மேடு இல்லை, தட்டையான தரை. மூன்று பேர் கால் வைத்து உட்காரலாம், என் மாமியார் முட்டி வலியோடு சேலம் வரை வந்தார். பாட்டில் வைக்க மட்டும் ஏழு இடம். இதை விளம்பரத்தில் படித்தபோது சிரித்தேன், இப்போது ஏழிலும் ஏதாவது இருக்கிறது. கிளட்ச் லேசு, என் இடுப்புக்கு அதுதான் மருந்து. 1.2 நாலு சிலிண்டர், கணவாயில் மூன்றாம் கியரில் முனகாமல் ஏறுகிறது, இரண்டுக்கு இறக்கினால் லாரியைத் தாண்டுகிறது. எஞ்சினில் டைமிங் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் செலவு இல்லை.

செலவுக் கணக்கு: வாங்கிய வாரம் நாலு டயரும் மாற்றினேன், எட்டு வருஷ ரப்பரை நம்பித் தொப்பூர் இறங்க முடியாது. பேட்டரி ஒன்று. பிரேக் பேட். ஏ.சி. ஃபில்டர். பாய் சொல்லி பெட்ரோல் ரப்பர் குழாய்களை ஒரு முறை பார்த்தோம், இப்போது பங்க்கில் கிடைப்பது எத்தனால் 20 சதவீதம் கலந்தது, இந்த வண்டி அதற்கு முந்தைய காலத்தது. குழாய் நன்றாகத்தான் இருந்தது. எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். நோட்டை நானும் தொடர்ந்து எழுதுகிறேன், என் கையில் பதினாலே முக்கால்.

ஒரு வயிற்றெரிச்சலையும் எழுதிவிடுகிறேன். நாங்கள் மே மாதம் வாங்கினோம். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி புதிய சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆனது, செஸ்ஸும் போயிற்று. புதுசு விலை இறங்கினால் பழசும் இறங்கும். காரிமங்கலத்து டியாகோ சார் அன்று ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கி வந்தார். காரணம் கேட்டால் மகள் பிறந்தநாளாம்.

நாலு டயர் மாற்றியபோது ஸ்டெப்னியை விட்டுவிட்டேன், ஒரு தடவைகூட ரோட்டைத் தொடாதது, புதுசு மாதிரியே இருந்தது. போன வாரம் பாய் பார்த்துவிட்டு, ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசு ஆகும் என்றார். சனிக்கிழமை நாலு ரோடு பக்கம் டயர் கடைக்குப் போனேன். பையன் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான், ரப்பர் மீசை முடியெல்லாம் அப்படியே இருக்கிற புது டயர். குனிந்து ஓரத்தைத் தேடினேன். 0824. இரண்டு வருஷம் ரேக்கில் தூங்கியது. "இதைவிடப் புதுசா ஒண்ணு எடுத்துட்டு வாப்பா" என்றேன்.

பையன் முதலாளியைத் திரும்பிப் பார்த்தான். முதலாளி என் கணவரைப் பார்த்தார். என் கணவர், "எடுத்துக் குடுத்துடுங்க, இல்லன்னா ஏழு வாரம் ஆகும்" என்றார்.